தர்மபுரிக் குட்டை மலைப்பாம்பு

புளியமரத்துக் கொட்டாய்,
காரிமங்கலம் வழி,
2.3.1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

இன்று காலை ஏழேகால் மணிக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, கண்ணாடிப் பெட்டியை ஜன்னலிலிருந்து இரண்டடி மேற்கே நகர்த்துவது என்று முடிவு செய்யப்பட்டது. முடிவு ஒருமனதானது. கூட்டத்தில் நானும் பக்கத்துக் கொல்லை மாதையனும் இருந்தோம். அவர் தன் எருமையைத் தேடி வந்தவர் என்றாலும் வாக்களித்தார். எட்டு மணிக்குப் பெட்டி நகர்த்தப்பட்டது. உள்ளே இருந்த பாம்புகளில் பெரியது தலையைத் தூக்கிப் புது இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் ஆட்சேபணை உள்ளவர் ஒருவர்தான். அவர் அரூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் ஐம்பது நாள் ஆகிறது.

அந்தப் பெட்டி மாதா சொரூபத்துக்காக உன் அம்மா சீராகக் கொடுத்தது என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை. மாதா இப்போது அலமாரியின் மேல், வெளுத்த துண்டின் மீது, முன்பைவிட நல்ல காற்றோட்டத்தில் நிற்கிறார். அவர் காலடியில் ஏற்கெனவே ஒரு பாம்பு இருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் பாம்பு புதிதல்ல. நான் விகிதத்தை மட்டும் மாற்றினேன்.

ஆராய்ச்சியின் நிலையைச் சொல்கிறேன். மாதையன் கடலைக்காய் பிடுங்கும்போது, கண்ணாடி விரியன் என்று மண்வெட்டியை ஓங்கிய நேரத்தில் நான் தடுத்துக் காப்பாற்றிய ஜோடி இது. மலைப்பாம்பின் லட்சணங்கள் எல்லாம் இருக்கின்றன. நீளம் ஒன்றுதான் இல்லை. பெரியது இரண்டரை அடி. இரண்டு வருடத்தில் ஒரு விரற்கடை வளரவில்லை. இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. மழையில்லாத மாவட்டத்தில் மலைப்பாம்பும் குறுகிவிட்டது. இது யாரும் இதுவரை பதிவு செய்யாத கிளையினம். இந்தக் கோடையில் முட்டையிடும். பிஸ்கட் டின்னில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். குட்டிகளும் குட்டையாகவே பொரித்தால் விஷயம் நிரூபணமாகிவிடும். வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு வனத்துறைக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. மறுப்பும் இல்லை.

முட்டை பொரிக்கும்வரை பெட்டி வேண்டும். பிறகு மாதாவும் திரும்பலாம், நீயும் திரும்பலாம்.

அன்புடன்,
செபாஸ்டின்


சேசு மரி சூசை துணை

அரூர்,
9.3.1986

திரு. செபாஸ்டின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டி இரண்டடி நகர்ந்ததை அறிந்தேன். இன்னும் முப்பதடி நகர்த்தினால் மாட்டுக் கொட்டகை வரும். அங்கே நிறுத்துங்கள்.

இங்கே போன மாதம் பதினொரு பிரசவம் பார்த்தேன். ஒருத்தியும் தன் பிள்ளையைச் சாமி பெட்டியில் வைக்கவில்லை.

ஒரு தகவல். நான் வந்த பிறகு புளியமரத்துக் கொட்டாய்த் துணை சுகாதார நிலையத்துக்கு யாரையும் போடவில்லை. நர்ஸ் வேலை அங்கே காலியாகவே இருக்கிறது. திரும்பக் கேட்பதற்கான விண்ணப்பத்தை எங்கள் கிளார்க் கோவிந்தன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எல்லாம் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. மாதா தன் இடத்துக்கு எப்போது போகிறாரோ அப்போது நானும் என் இடத்துக்கு வருவதைப் பற்றி யோசிப்பேன். காலியிடம் எத்தனை நாள் காலியாக இருக்கும் என்பது என் கையில் இல்லை.

நீங்கள் படித்தது பௌதிகம் என்பதையும், பள்ளியில் உயிரியல் ஆசிரியர் நான்கு வருடமாக வராததால் அதையும் சேர்த்து நடத்துகிறீர்கள் என்பதையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
இசபெல்லா


புளியமரத்துக் கொட்டாய்,
24.3.1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

மகிழ்ச்சியான செய்தி. நேற்று முன்தினம் தர்மபுரியில் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் என் கட்டுரையைப் படித்தேன். "வறண்ட மாவட்டத்தில் குட்டை மலைப்பாம்பு" என்பது தலைப்பு. கைதட்டல் நீடித்தது. நம் மாவட்டத்துக்கென்று சொந்தமாக ஒன்று இருப்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். இதே மாவட்டத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, "ஏன் சார், எங்க பக்கம் மட்டும் மழை கொட்டுதுங்களா? எங்க மலைப்பாம்பு மட்டும் ஏன் ஒம்பதடி இருக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று தலைவர் பாராட்டி, தேநீருக்கு இடைவேளை விட்டார்.

அடுத்தது பெயர். கிளையினத்துக்கு லத்தீனில் பெயர் வைக்க வேண்டும். கண்டெடுத்தவர் என்ற முறையில் முதலில் மாதையனைக் கேட்டேன். அவர் கைகூப்பிவிட்டார். "வேணாங்க சார். பாம்புக்கு எம்பேரு வெச்சா நாளைக்கு ரேஷன் கார்டுல அதையும் சேக்கச் சொல்லுவாங்க." எனவே உன் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பைதான் மோலூரஸ் இசபெல்லே. பூசையில் பாடலாம் போல ஒலிக்கிறது. விஞ்ஞானிகள் தங்கள் மனைவிக்குச் செய்யும் உச்ச மரியாதை இது. உலகம் உள்ளவரை நிலைக்கும்.

கோபம் தீர இது போதும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
செபாஸ்டின்


அரூர்,
2.4.1986

திரு. செபாஸ்டின் அவர்களுக்கு,

பாஸ்காத் திருநாள் வாழ்த்து.

குட்டையானது, தடித்தது, யார் வந்தாலும் மண்ணுக்குள் தலையை விட்டுக்கொள்வது. இதற்கு என் பெயர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் பட்டம். நன்றி. வேண்டாம்.

நேற்று இங்கே நடந்ததைக் கேளுங்கள். கரும்புக் கொல்லையில் கடிபட்ட ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கூடவே, எந்தப் பாம்பு என்று டாக்டர் பார்க்க வேண்டுமே என்று, கடித்ததைச் சட்டியில் போட்டுத் துணி கட்டி உயிரோடு கொண்டுவந்தார்கள். எல்லோரும் விரியன் என்று அழுதார்கள். எங்கள் வார்டு ஊழியர் பச்சியப்பன் துணியை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அழாதிங்கம்மா. விரியனுக்குத் தலை முக்கோணமா இருக்கும், கழுத்து தனியாத் தெரியும். இதுக்குக் கழுத்தே இல்ல. வாலைப் பாருங்க, மொட்டை. இது விஷமில்லாத மண்ணுளிங்க. செவப்பா, ரெண்டு பக்கமும் தலைம்பாங்களே, அதுக்கு இது பங்காளி."

டாக்டரும் சுவரில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு அதையே சொன்னார். கடிபட்டவரை மாலைவரை வைத்திருந்து, வீக்கம் இல்லை என்று அனுப்பிவிட்டோம். அவர் போகும்போது பாம்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் உற்றுப் பார்த்தேன். பழுப்பில் கறுப்புத் திட்டு, இரண்டரை அடி, தடித்த உடம்பு. உங்கள் பெட்டியில் இருப்பதேதான். பச்சியப்பன் வாலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தேங்காய்த் துருவிபோல் சொரசொரப்பு. மலைப்பாம்பு வழவழ என்று இருக்குமாம்.

ஒரு கேள்வி. இரண்டு வருடமாக ஆராய்கிறீர்கள். பள்ளி இடுக்கியால் அன்றி, கையால் அதை ஒருமுறையாவது தொட்டிருக்கிறீர்களா?

இசபெல்லா


புளியமரத்துக் கொட்டாய்,
20.4.1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

இது குடும்பக் கடிதம் அல்ல, வைத்தியக் கடிதம். ஆகவே நீ பதில் எழுதக் கடமைப்பட்டவள்.

உன் கேள்விக்கு முதலில் பதில். விஞ்ஞானத்தில் கவனித்தல், அளத்தல், குறித்தல் ஆகியவை முக்கியம். சூரியனை யாரும் தொட்டதில்லை. பச்சியப்பன் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். சங்கத்தில் கட்டுரையைச் சைக்ளோஸ்டைல் எடுத்து எண்பது பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் நீ மதிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பெரியது ஐந்து வாரமாக எலியைத் தொடவில்லை. எலி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கம்பு தின்கிறது. உடம்பின் பின்பாதி உப்பியிருக்கிறது. காலை வெயில் விழும் மூலையை விட்டு நகர்வதில்லை. இடுக்கியை நீட்டினால் சீறுகிறது. முன்பு இந்தக் குணம் இல்லை. மலச்சிக்கல் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். விளக்கெண்ணெய் வாங்கி வைத்துவிட்டேன். எத்தனை ஸ்பூன், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதவும்.

அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. இந்த வரி வைத்தியத்தில் சேராது.

செபாஸ்டின்


அரூர்,
23.4.1986

விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்.

சாப்பிடாமல், வெயிலில் படுத்துக்கொண்டு, கிட்டே வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்துகொண்டு இருக்கும் பதினாலு பேரை இந்த மாதம் நான் பார்த்தேன். ஒருத்திக்கும் மலச்சிக்கல் இல்லை. அது பிள்ளைத்தாய்ச்சி.

பச்சியப்பனிடம் உங்கள் மணல் டின்னைப் பற்றிச் சொன்னேன். "முட்டை எதுக்குங்க மேடம்? மண்ணுளி குட்டி போடற சாதி. சாருக்குத் தெரியாதுங்களா?" என்றார். தெரியும், சோதிக்கிறார் என்று சொல்லி வைத்தேன். ஆறு வருடப் பழக்கம், விட்டுக்கொடுக்க வரவில்லை.

பெரிய மரப்பெட்டியாகச் செய்து, ஒரு விரற்கடை ஆழத் தட்டில் தண்ணீர் வையுங்கள். சின்னதைத் தனியே எடுத்துவிடுங்கள். அதனிடம் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. எலியையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அதன் வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது யார் என்று நினைத்திருந்தீர்கள்? நீங்களா, மாதையனா?

இசபெல்லா


புளியமரத்துக் கொட்டாய்,
11.5.1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

இன்று ஒன்பது நாற்பதுக்கு, மாதையன் சாட்சியாக, தொட்டேன்.

முதலில் மாதையன் தொடுவதாக ஏற்பாடு. அவர், "படிச்சவங்க நீங்களே பயந்தா நாங்க என்னாங்க பண்றது?" என்று ஒதுங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை நீட்டினேன். பாம்பு என்னைவிட நிதானமாக இருந்தது. முதுகிலிருந்து வாலுக்குப் போகப் போகச் சொரசொரப்பு. கழுத்தைத் தேடினேன். இல்லை. வால் கட்டைவிரல்போல மொட்டையாக முடிகிறது. பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு முறை தொட்டேன். பிறகு காரணமில்லாமல் நான்கைந்து முறை தொட்டேன்.

அது மண்ணுளிதான். இரண்டரை அடிதான் அதன் முழு வளர்ச்சி. மாவட்டத்தின் மழையளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைதான் மோலூரஸ் இசபெல்லே இன்றோடு மறைந்தது. நான் செய்தது தவறு. ஆறு வருடத்தில் இந்த வாக்கியத்தை எழுத்தில் தருவது இதுவே முதல்முறை என்பதால் நீ இதைப் பத்திரப்படுத்தலாம்.

சங்கத்துக்கும் எழுதினேன். மாவட்டத்தின் பெருமையை ஒரு தனிநபர் திரும்பப் பெற முடியாது, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில்தான் தீர்மானம் கொண்டுவர முடியும் என்று பதில் வந்தது.

உடைந்த பெஞ்சுப் பலகைகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி மரப்பெட்டி செய்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டியை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, மாதாவை உள்ளே வைத்து, மல்லிகைச் சரம் போட்டிருக்கிறேன். இது பேரம் அல்ல. வீட்டில் காலையில் ஒரே டம்ளர் காபி போட்டுக் குடிப்பது கணக்குப் பாடம்போல் இருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாயா?

செபாஸ்டின்


அரூர்,
5.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. உத்தரவோடு வந்து நின்று ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது. நிராகரித்துவிட்டார்கள். கடந்த ஆறு மாதத்தில் புளியமரத்துக் கொட்டாயில் நடந்த பிறப்பு இரண்டே இரண்டுதானாம். அதற்கு ஒரு நர்ஸ் தேவையில்லை, எண்ணிக்கை உயர்ந்தால் பரிசீலிக்கப்படும், உயராவிட்டால் அந்த வேலையையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று இருக்கிறது.

அங்கே இருந்த நாளெல்லாம் வெயிலில் நடந்து, வீடு வீடாக ஏறி, இரண்டு பிள்ளை போதும் என்று சொன்னவள் நான்தான். அப்போது ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டிருக்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு வருவதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. திரும்ப வருவதற்கு ஒரு ஊரே பிள்ளை பெற வேண்டியிருக்கிறது.

உங்கள் பெட்டியில் இருப்பதற்கு மாதம் நெருங்கிவிட்டது என்று பச்சியப்பன் சொல்கிறார். 15ஆம் தேதி ஞாயிறு, பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். வெந்நீர் வேண்டாம்.

அன்புடன்,
இசபெல்லா


புளியமரத்துக் கொட்டாய்,
17.6.1986

அன்புள்ள இசபெல்லா,

ஒன்பதும் நலம். தாயும் நலம். நீ பஸ் ஏறிய பிறகு ஒருமுறை எண்ணினேன். நேற்று மூன்று முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ஒன்பது வந்தது. என் கணக்கில் இப்படி நடந்ததே இல்லை.

நீ பையை வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லாரும் வெளிய போங்க" என்று சொன்னபோது நானும் வெளியே போனேன் பார், அப்போது மாதையன் கேட்டார்: "சார், நீங்க ஏன் சார் வந்துட்டீங்க?" எனக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருவரும் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். நீ உள்ளிருந்து ஒவ்வொன்றுக்கும் மணி சொல்வாய். அவர் விரல் மடக்குவார். ஆறாவதில் ஒரு கை தீர்ந்து, "இன்னும் இருக்குதுங்களாம்மா?" என்று கதவிடம் கேட்டார். ஏழாவதற்கு நீ என்னைக் கூப்பிட்டாய். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. பிறந்த உடனேயே மண்ணைத் தேடிக்கொண்டு போனது. நீ அதை எடுத்து என் கையில் வைத்தாய். நான் இடுக்கியைக் கேட்கவில்லை. இதைக் கவனித்தாயா?

பள்ளித் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து நீ உன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு எடைகள் ஒன்றும் நினைவில்லை.

இவை எலி தின்னும் என்று சொன்னதும் மாதையன், "அப்படின்னா எங்கொல்லையிலயே வுடுங்க சார். இந்தத் தடவ கடலைக்காய் பாதியும் எலிக்குத்தான் போச்சு" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் மண்வெட்டி ஓங்கியவர். மழை பெய்ததும் பதினொன்றையும் அங்கேயே விட்டுவிடலாம்.

ஞாயிறுதோறும் நானே அரூர் வருகிறேன். பஸ் இரண்டு மாற வேண்டும். பரவாயில்லை.

உன்,
செபாஸ்டின்


அரூர்,
4.7.1986

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

அன்றைக்கு நான் எழுதினது என் சொந்த நோட்டில் அல்ல. பைக்குள் கைவிட்டபோது வந்தது அரசாங்கப் பிறப்புப் பதிவேடு. பிள்ளை பிறந்தால் மணியும் எடையும் அதில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஒன்பது வரி. இடம் என்ற கட்டத்தில் புளியமரத்துக் கொட்டாய். தாய் என்ற கட்டத்தில் மண்ணுளி. "தாயும் சேய்களும் நலம்" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் கோவிந்தன் அதைக் கூட்டி மேலே அனுப்பிவிட்டார். ஏங்க, தாய் பேரைப் பார்க்கலையா என்று கேட்டேன். "பேரை யாருங்க மேடம் படிக்கறாங்க? அவங்க கேக்கறது எண்ணிக்கை. வேற ஊர்ல பொறந்ததுன்னு பாத்து, நியாயமா அந்த ஊர்க் கணக்குலயே சேத்துட்டேன்" என்றார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அவை பாம்புக் குட்டிகள், நீக்கிவிடவும் என்று நேற்றே எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

இசபெல்லா


புளியமரத்துக் கொட்டாய்,
8.7.1986

அன்புள்ள இசபெல்லா,

ஞாயிறன்று நேரில் சொன்னதை எழுத்திலும் தருகிறேன். உண்மையை எழுதியது சரி. தேவைப்பட்டால் நானும் மாதையனும் சாட்சிக்கு வருகிறோம். அவர் வெள்ளைச் சட்டை துவைத்துப் போட்டுவிட்டார்.

நேற்று நல்ல மழை. பதினொன்றையும் விட்டுவிட்டோம். கையால்தான்.

செபாஸ்டின்


அரூர்,
17.7.1986

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு தபால் ஒரே நாளில் வந்தன.

முதலாவது என் கடிதத்துக்குப் பதில். பதிவேட்டில் ஏறிய பிறப்பைக் காரணமின்றி நீக்க விதியில்லை, நீக்க வேண்டுமானால் ஒன்பது இறப்புச் சான்றிதழ்களை இணைத்து அனுப்பவும் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் நலமாக இருப்பதால் சான்றிதழ் தர இயலவில்லை என்று உடனே பதில் எழுதினேன். கோவிந்தன் படித்துப் பார்த்து, வாசகம் நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டாவது உத்தரவு. ஒரே நாளில் ஒன்பது பிறப்பு நிகழ்ந்த ஊரில் நர்ஸ் இல்லாதிருப்பது கவலைக்குரியது என்றும், ஜூலை 21 திங்கள் முற்பகல் நான் புளியமரத்துக் கொட்டாயில் பணியில் சேர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பச்சியப்பன் தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "சாரைக் கேட்டதாச் சொல்லுங்க மேடம்" என்றார். சனிக்கிழமை மதியம் பஸ். காரிமங்கலத்தில் வந்து நில்லுங்கள், பெட்டி கனக்கும்.

ஒன்பது குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்து, ஐஸ் பெட்டியில், நேற்றே கொட்டாய்க்குப் போய்விட்டது.

இசபெல்லா